பெருஞ்சுவருக்கு முதுகு காட்டியவர்

சீனப் பெருஞ்சுவருக்குப் பலமுறை போய்வந்தும் அதைப் பார்க்காத ஒருவரை எனக்குத் தெரியும். ராயபுரம் கல்மண்டபம் பக்கம், ஒரு மருந்துக்கடையின் மாடியில் அவருடைய அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்பது என் மரியாதை. ஒரு மேஜை, சில பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவர் முழுக்கச் சீனா. பெருஞ்சுவர், ஷாங்காய் நதிக்கரைக் கோபுரங்கள், சியான் நகரத்து மண் சிப்பாய்கள், பெய்ஜிங்கில் நீலக்கூரை போட்ட வட்டக் கோயில் எல்லாம் பெரிய பெரிய படங்களாக ஒட்டியிருக்கும். அத்தனைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். முதல்முறை போனபோது, பெருஞ்சுவர் நேரில் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"நீளமா கீதுன்னு சொல்றாங்கோ சார்" என்றார்.

எல்லாரும் அவரை அக்கா என்றார்கள், நானும் சொன்னேன். என்னைவிட இரண்டு வயது சின்னவர் என்பது பாஸ்போர்ட்டுகளைச் சேர்த்து அடுக்கியபோதுதான் தெரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அவரை அக்கா என்று அழைப்பது வயதுக் கணக்கு அல்ல, தற்காப்பு.

சீனாவுக்கு முன்பு அவர் பள்ளிக்கூட வேனில் ஆயா. தண்டையார்பேட்டைச் சந்துகளில் காலையில் பிள்ளைகளை ஏற்றிப்போய் மாலையில் வீடு வீடாக இறக்கிவிடும் வேலை. வேனில் டிரைவர் ரோட்டைப் பார்ப்பார், இவர் ரோட்டுக்கு முதுகைக் காட்டிப் பிள்ளைகளைப் பார்ப்பார். ஒருநாள் மாலை தலைகளை எண்ணினாராம், சரியாக இருந்தது. பாதி வழியில்தான் தெரிந்தது, ஏறியிருந்ததில் ஒன்று பக்கத்து வேன் பிள்ளை. இவருடைய பிள்ளை பள்ளிக்கூடக் குழாயடியில் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தது. அன்றோடு எண்ணுவதை விட்டார். எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆள் தப்பாக இருக்கும் என்பது அவர் கண்டுபிடித்த கணிதம். அதற்குப் பிறகு ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்து, மந்திரம்போல் வரிசையாகச் சொல்லித்தான் பார்ப்பார்.

வண்ணாரப்பேட்டை வியாபாரிகள் வளையலும் பொம்மையும் கைப்பையும் வாங்கச் சீனச் சந்தைகளுக்குப் படையெடுத்த காலத்தில், அக்கா ஒரு குழுவுடன் சமையல்காரராகப் போனார். நம் வியாபாரிகள் மொழி தெரியாமல் பேரம் பேசுவார்கள், ரசம் இல்லாமல் தூங்கமாட்டார்கள். ஒரு மூட்டை அரிசி, மின்சார குக்கர், பருப்புப்பொடி, மாங்காய் ஊறுகாய், இவைதான் அவருடைய முதல் சீனப் பயணத்தின் சாமான்கள். குழுவைக் கூட்டிப்போன ஏஜென்ட், குவாங்சோ ரயில் நிலையத்தில் ஒரு ஆளை விட்டுவிட்டு அடுத்த ஊரில் தேடினாராம். ஆளைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தது சமையல்காரர். அடுத்த பயணத்தில் சமையல்காரர் இருந்தார், ஏஜென்ட் இல்லை.

நான் மணலியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் மேனேஜர். விம்கோ நகர் வீட்டில் உட்கார்ந்தபடி, படித்த புத்தகங்களை வைத்துக்கொண்டு, போகாத ஊர்களைப் பற்றி நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிவந்தேன். ஒரு தடவையாவது போய்விட்டு எழுதுங்களேன் என்று என் மனைவி சொன்னது அக்கறையா, விமர்சனமா என்று இன்றுவரை விளங்கவில்லை. கொரோனாவுக்குச் சில வருடங்கள் முன்பு, ஒரு நவம்பரில், அக்காவின் குழுவில் சேர்ந்தேன்.

அந்தப் பயணத்தில் அண்ணாச்சியும் வந்தார். தண்டையார்பேட்டையில் எவர்சில்வர் பாத்திரக்கடை, சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம், அறுபதைத் தாண்டிய சர்க்கரைக்காரர். அவரை வழியனுப்ப விமான நிலையத்துக்கு வந்த அவருடைய மனைவி, அக்காவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

"மத்ததெல்லாம் அவரே பாத்துக்கிடுவாரு. காலை மட்டும் நீ பாத்துக்கம்மா. வெறுங்காலோட நடக்க விட்டுராத. குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது அவருக்கு."

அண்ணாச்சியின் அண்ணனுக்குக் கோயில் பிராகாரத்தில் மிதித்த ஒரு சின்ன முள்ளில் ஆரம்பித்தது முழங்கால்வரை போய் முடிந்ததாம். சர்க்கரைக்காரர்களுக்கென்றே மெத்தை வைத்துத் தைத்த செருப்பை அண்ணாச்சி காலுறைக்கு மேல் மாட்டியிருந்தார். அக்கா அந்தச் செருப்பை ஒருமுறை குனிந்து பார்த்தார். "என் காலு மாரி பாத்துக்கறேன் அண்ணி" என்றார்.

சொன்னபடி செய்தார். தினமும் ஓட்டலுக்குத் திரும்பியதும், குக்கரில் அரிசி போட்டுவிட்டு, அண்ணாச்சியைக் கட்டிலில் உட்காரவைத்து, போன் வெளிச்சத்தில் விரல் விரலாகப் பாதத்தைப் பார்ப்பார். அண்ணாச்சிக்குக் கூச்சம் தாங்காது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பாத்திர விலை பேசுவார்.

ஷாங்காயில் நதிக்கரைக்குப் போனோம். அக்கரைக் கோபுரங்களில் விளக்குகள் நிறம் மாறிக்கொண்டிருந்தன. அக்கா கைப்பிடிச் சுவரில் முதுகைச் சாய்த்து எங்களைப் பார்த்து நின்றார். எங்கள் முகங்களில் நீலமும் சிவப்பும் மாறி மாறி விழுந்திருக்கும். அவருக்கு ஷாங்காய் அவ்வளவுதான். பார்ப்பது எங்கள் வேலை, பார்த்துக்கொள்வது தன் வேலை என்று பிரித்துவைத்திருந்தார்.

சியானில், பூமிக்கடியிலிருந்து தோண்டி எடுத்த மண் சிப்பாய்களை வரிசை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். நான் எழுத்தாளனுக்குரிய மௌனத்துடன் நின்றேன். பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. இத்தனை வருசமா நிறுத்தின இடத்துலயே நிக்கறாங்களாமே, கைடு பாப்பா சொல்லிச்சு, உங்களை அரை மணி நேரம் நிறுத்த முடியலையே என்றார். கைடு பாப்பா என்பது எங்களுடன் வந்த சீனப் பெண். ஆங்கிலம் பேசும். அக்காவும் அதுவும் பேசிக்கொண்டது எந்த மொழியில் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

பெருஞ்சுவரில் அக்கா பின்பக்கமாகவே படியேறினார். ஒரு படி முழங்கால் உயரம் இருக்கும், அடுத்தது விரற்கடை. நான் முன்பக்கமாக ஏறியே இரண்டுமுறை தடுக்கினேன். எங்களைப் பார்த்தபடி, காலால் படியைத் துழாவித் துழாவி அவர் மேலே போவதைச் சீனக் கிழவர்கள் சுவரை விட்டுவிட்டுப் படம் எடுத்தார்கள். அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. ஒருக்கா திரும்பித்தான் பாரேன் தங்கச்சி, ஊர்ல கேட்டா என்ன சொல்லுவ என்றார்.

"செவுரு எங்கயும் போவாது அண்ணாச்சி" என்றார் அக்கா.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் போனது குழு விசாவில். எல்லாருடைய பெயரும் ஒரே தாளில் இருக்கும். நுழையும்போது சேர்ந்து நுழைய வேண்டும், வெளியேறும்போது சேர்ந்து வெளியேற வேண்டும். ஒரு ஆள் குறைந்தால் மற்றவர்களும் கவுண்டரில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தத் தாள் அக்காவின் ரவிக்கைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தது.

கடைசி நாள் பெய்ஜிங். சாயங்காலம் விமானம். காலையில் அந்த நீலக்கூரைக் கோயில் மட்டும் பாக்கி. வாயைத் திறந்தால் பீடி குடித்தவன்போல் புகை வந்த குளிர். அக்கா எங்கள் எல்லாருக்கும் கிளிப்பச்சை நிறத்தில் மங்கி குல்லா மாட்டியிருந்தார். கூட்டத்தில் கண்டுபிடிக்க வசதி, மற்றபடி மனிதன் போடக்கூடிய பொருள் அல்ல.

அது ஒரு பெரிய பூங்கா. திசைக்கு ஒரு வாசல். நடுவே மதில் சுற்றிய முற்றம். முற்றத்துக்குள் மூன்று அடுக்கு வெள்ளைக்கல் மேடை, அதன்மேல் வட்டமான மண்டபம். விளைச்சலுக்காகச் சக்கரவர்த்தி நேரில் வந்து வேண்டிக்கொண்ட டெம்பிள் என்றது கைடு பாப்பா. ஒரு ஆணிகூட அடிக்காமல் கட்டியது என்றும் சொன்னது. டெம்பிள் என்ற வார்த்தைக்கு மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். உள்ளே சாமி கிடையாது, எட்டித்தான் பார்க்க முடியும். படிகளில் எல்லாரையும் நிறுத்தி நான் ஒரு படம் எடுத்தேன். ஓரத்தில் நின்ற அக்கா, கேமராவைப் பார்க்காமல் எங்கள் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முற்றத்துக்குள் வந்தது தெற்கு வாசல் வழி. போவது கிழக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாசல் வழி. அதில் நாங்கள் பாதி நுழைந்தபோது, சிவப்புத் தொப்பி போட்ட சீனத் தாத்தா பாட்டிகளின் படை ஒன்று நடுவில் புகுந்தது. அந்தப் பக்கம் நீண்ட தாழ்வாரம். முதியவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் பாடினார். அக்கா எங்களை நிறுத்தி மந்திரத்தை ஆரம்பித்தார். சோடாபுட்டி, முட்டிவலி, ரெட்டை மூக்குத்தி, தொந்தி, வாய். வாய் என்பது நான். இதை அன்றுதான் தெரிந்துகொண்டேன், வருத்தப்பட நேரமில்லை.

"சக்கரை" என்றார். பதில் இல்லை. இன்னொரு தரம் "சக்கரை" என்றார்.

அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ராயபுரத்திலிருந்து காசிமேடுவரை கேட்கும் குரல் அது. அன்று உயரவே இல்லை. எல்லாரையும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்காரவைத்தார். முட்டிவலியிடம் மற்றவர்களை ஒப்படைத்தார். கழிப்பறைகளைப் பார்க்க இரண்டு பேரை அனுப்பினார். கைடு பாப்பாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு பூங்கா அலுவலகத்துக்கு ஓடினார். போகும் வழியெல்லாம் அவருடைய கை ரவிக்கையிலிருந்த உறையைத் தொட்டுத் தொட்டு வந்தது. அண்ணாச்சியின் மாத்திரைப் பொட்டலம் அக்காவின் தோள்பையில்தான் இருந்தது. போனும் அதில்தான். தொலைத்துவிடுவார் என்று காலையில் வாங்கி வைத்திருந்தார்.

ஒலிபெருக்கியில் சீனத்தில் அறிவித்தார்கள், ஆங்கிலத்தில் அறிவித்தார்கள். அண்ணாச்சிக்கு இரண்டும் ஒன்று. பாப்பா கெஞ்சிக் கேட்டு அக்காவை மைக் முன்னால் நிறுத்தியது. மைக் பக்கத்து நாற்காலியில் இருந்த அதிகாரி என்ன நினைத்தாரோ, தலையசைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, நாந்தான் பேசறேன். பயப்படாதீங்கோ. எங்க கீறீங்கோ, அங்கயே நில்லுங்கோ. நவுராதீங்கோ. நான் வந்து இட்டாறேன்."

பெய்ஜிங் வானத்திலிருந்து ராயபுரம் பேசியது. வெளியே சீட்டாட்டக்காரர்கள் நிமிர்ந்து ஒலிபெருக்கி கட்டியிருந்த மரங்களைப் பார்த்தார்கள். அண்ணாச்சி மட்டும் எங்கேயும் காணோம்.

திரும்பி வந்தபோது பெஞ்சில் சண்டை. தொந்தி என்ற கைப்பை வியாபாரி, நாம் விமான நிலையம் போய்விடலாம், கிழவரைப் போலீஸ் கண்டுபிடித்து அனுப்பட்டும் என்றார். வயசான ஆளை எதற்குச் சேர்த்துக்கொண்டாய் என்று ஒருவர் கேட்டார். எங்கேயாவது சரக்குப் பார்க்கப் போயிருப்பார் என்றார் இன்னொருவர். பேருந்து டிரைவர் பாப்பாவின் போனில் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அவரு இல்லாம ஒருத்தரும் வண்டி ஏறமாட்டீங்கோ" என்றார் அக்கா. "ஏறினாலும் ஊடு போய் சேரமாட்டீங்கோ. தாளுல அவரு பேரு கீது."

தொந்தி வாயை மூடினார். ஆனால் யாரும் அக்காவைப் பார்க்கவில்லை. அவர் முதல்முறையாக எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கையை நீட்டி, எடுத்த படத்தைக் காட்டச் சொன்னார்.

விரல்களால் விரித்துப் பெரிதாக்கினார். வரிசையாகக் கிளிப்பச்சைத் தலைகள். ஒன்று மட்டும் வழுக்கை. அண்ணாச்சி குல்லாவைக் கழற்றி அக்குளில் இடுக்கியிருந்தார். அக்காவின் விரல் மெல்லக் கீழே இறங்கியது. வெள்ளைக்கல் படியில் பழுப்பு நிறக் காலுறைகள். செருப்பு இல்லை.

"கோயில்னு கயட்டிட்டாரு சார்" என்றார். "அந்தக் குளிர் கல்லுல. வெறுங்காலோட."

மேற்கொண்டு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நம் ஆள் நுழையும் வாசலில் செருப்பை விட்டால் அதே வாசல் வழியாகத்தான் வெளியே வருவான். வேறு வழியாக வெளியேற்றும் கோயில் நம் கணக்கில் கிடையாது. அக்கா ஓடினார், நான் பின்னால் ஓடினேன். கூட்டமெல்லாம் எதிர்த்திசையில் வந்தது. வாழ்நாளில் நான் புடவை கட்டிய ஒருவரிடம் ஓட்டத்தில் தோற்ற ஒரே நாள் அது என்று எழுத ஆசைதான். ஆனால் மற்ற நாட்களில் நான் ஓடியதில்லை.

தெற்கு வாசலுக்கு உள்புறம், மதிலோரம், அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். மூக்கு சிவந்து ஒழுகியது. காலுறைகள் கல்லின் ஈரத்தில் கறுத்திருந்தன. எங்களைப் பார்த்ததும் சிரித்தார்.

"வந்துட்டியா தங்கச்சி. செருப்பைக் காங்கலை. எவனோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டான். திரும்பக் கொண்டாந்து விடுவான்னு…"

அக்கா அவரை அறைந்தார்.

சத்தம் மதிலில் பட்டுத் திரும்பியது. பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். சிலர் போனைத் தூக்கினார்கள். தண்டையார்பேட்டையில் ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி அவர். பேரன் எடுத்தவர். அவருடைய கடைவாசலில் பெரிய வியாபாரிகளே குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். நான் இருவருக்கும் நடுவில் போக நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான்.

அண்ணாச்சி கன்னத்தைத் தொடவில்லை. அக்காவையே பார்த்தார்.

"நீதானம்மா நில்லுன்னு சொன்ன" என்றார், மெதுவாக.

அக்காவுக்கு அது எங்கே போய்த் தைத்தது என்று எனக்குத் தெரியாது. அப்படியே கல்லில் உட்கார்ந்தார். அண்ணாச்சியையும் இழுத்து உட்காரவைத்து, ஈரக் காலுறைகளை உருவி, இரண்டு பாதங்களையும் மடியில் வைத்து, கட்டியிருந்த சால்வையைச் சுற்றித் தேய்த்தார். விரல்கள் சாம்பல் நிறத்தில் இருந்தன. ஒரு குதிகாலில் தோல் உரிந்திருந்தது. வலிக்குதா, வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"காலு தெரியலை" என்றார் அண்ணாச்சி. "கன்னம் தெரியுது."

பேருந்துக்கு வந்ததும் டிரைவர் தன்னுடைய பஞ்சு வைத்த செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். விமான நிலையத்தில் தாளில் இருந்த வரிசைப்படி நின்றோம். ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போக, அக்கா கடைசியாக வந்தார். தொந்தி என் காதில், இந்தம்மா கதை முடிஞ்சுது, அண்ணாச்சி ஊர்ல போய் ஒரு வார்த்தை சொன்னா வண்ணாரப்பேட்டையில ஒருத்தன் இவங்களோட வரமாட்டான் என்றார். அது உண்மை. அக்காவுக்கும் தெரியும். வழியில் விமானம் மாறும் இடத்திலும் அவர் அண்ணாச்சியின் குதிகாலில் மருந்து போட்டார். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை.

விமானத்தில் அண்ணாச்சி என் பக்கத்தில். வெகுநேரம் கழித்து, எங்க அம்மைக்குப் பொறவு யாரும் என்னைக் கைநீட்டினதில்லை தம்பி என்றார். நான் ஆறுதலாக ஏதோ ஆரம்பித்தேன், அவர் காதில் வாங்கவில்லை. அவருடைய மனத்தாங்கல் வேறாக இருந்தது. நான் எங்க காணாமப் போனேன்? நின்ன எடத்துலதான நின்னேன், நீங்கள்லா போனீங்க என்றார். இறங்குவதற்கு முன்பு எழுந்து, எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் போய், வீட்டில் இந்தப் பேச்சே வரக்கூடாது, செருப்பு கோயிலில் போச்சு, உடனே வேறு போட்டாச்சு, அவ்வளவுதான் என்று சொல்லிவைத்தார். தொந்திகூடத் தலையாட்டினார்.

சென்னையில் காலை வெயில். அண்ணாச்சியின் மனைவி தடுப்புக் கம்பியைத் தாண்டி வந்துவிட்டார். முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைத்தான் பார்த்தார்.

"இது யாரு செருப்பு?"

"பழசு கோயில்ல தொலைஞ்சு போச்சு" என்றார் அண்ணாச்சி. "இந்தப் பிள்ளை மறுநிமிசமே வேற வாங்கிக் குடுத்துட்டா. தரையில காலு படலை."

கோயிலில் செருப்புப் போனால் பீடை போச்சு என்பார்கள் அல்லவா, அந்த அம்மாள் முகத்தில் அந்த நிம்மதி வர ஆரம்பித்துவிட்டது. தொந்தி டிராலியைத் தள்ளினார். நானும் மூச்சுவிட்டேன்.

"பொய் அண்ணி" என்றார் அக்கா.

எல்லாரும் நின்றுவிட்டோம்.

"வெறுங்காலோடதான் நின்னாரு. ரொம்ப நேரம். ஐசு மாரி கல்லு. நாந்தான் மைக்குல நவுராதன்னு சொன்னேன், அத்தக் கேட்டுகினு நின்னாரு. அப்பால நானே போய் அவரை அடிச்சேன். கன்னத்துல."

அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய மனைவி கையைக் காட்டி நிறுத்தினார். அங்கேயே, டிராலிகள் இரண்டு பக்கமும் உரசிப் போகிற இடத்தில், குந்தி உட்கார்ந்தார். கணவரை என் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தன் முழங்காலில் வைத்து, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார். நகத்தை அழுத்தி நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார். குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தூக்கி உள்ளே பார்த்து, மறுபடி ஒட்டினார். அடுத்த காலையும் அப்படியே. பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள். அவர் அவசரப்படவில்லை. அக்கா கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்பவர்போல் நின்றார்.

அந்த அம்மாள் எழுந்தார். கணவரின் தாடையைப் பிடித்துத் திருப்பி, கன்னத்தையும் காலைப் பார்த்த அதே கண்களால் பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"காலுக்கு ஒண்ணும் இல்லை" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கோபமா, நன்றியா, இரண்டும் இல்லாததா என்று நான் இன்றும் அந்தக் குரலை நினைத்துப் பார்ப்பதுண்டு. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அண்ணாச்சி அந்தப் பஞ்சுச் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். மற்றவர்களும் அவரவர் பெட்டியோடு கலைந்தார்கள்.

அக்கா எங்கேயோ பிடிமானம் தேடி, காலியாகக் கிடந்த ஒரு டிராலியின் விளிம்பில் உட்கார்ந்தார். அது நகர்ந்தது. நான் காலால் அடைகொடுத்து நிறுத்தினேன்.

"அவங்கோ இன்னா சொன்னாங்கோ சார்?"

பக்கத்தில் நின்று கேட்டவர்தான். இருந்தாலும் சொன்னேன். காலுக்கு ஒன்றும் இல்லை என்றார்கள் என்றேன்.

"இன்னொரு தபா சொல்லு" என்றார்.

சொன்னேன்.